இடம் வலம் மாறிய மேகம்

யாருக்குமே தெரியப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு தவறை, தவறு என்று ஒருத்தி எதற்காகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? ஆகாசம் இதை வாய்விட்டுக் கேட்டவள் அல்ல. கேள்வி கேட்கும் பழக்கமே அவளுக்குக் குறைவு. ஆனால் அவள் வாழ்ந்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த அவளுடைய அண்ணிக்கு, அதாவது புருஷனின் அக்காவுக்கு, அந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய துணுக்கு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. எடுக்கவும் வரவில்லை, மறக்கவும் விடவில்லை.

ஆகாசம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. செல்போன் கவருக்குப் படம் அச்சடிக்கும் பட்டறையில் முதலாளி வைத்தது. பட்டறை ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கீழிருந்து ரொட்டி வாசனை ஏறும், மேலிருந்து சூடான பிளாஸ்டிக் நாற்றம் இறங்கும். நடுப்படிக்கட்டில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். முதலாளி ஆரம்பத்தில் நடிகர்கள் படத்தையும் கார்ட்டூன் படத்தையும் கவரில் போட்டு விற்றவர். ஒரு நாள் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து, யாரைக் கேட்டுப் போட்டாய் என்று காகிதத்தை நீட்டிவிட்டுப் போனார்கள். இருந்த சரக்கெல்லாம் குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் விண்வெளிப் படங்கள் அவர் கண்ணில் பட்டன. வானத்தில் மிதக்கும் தொலைநோக்கிகள் எடுத்து எல்லோருக்கும் பொதுவாக விட்டிருக்கும் படங்கள்.

"நடிகனுக்கு வக்கீல் இருக்கான், கார்ட்டூன் பூனைக்கும் வக்கீல் இருக்கான். நட்சத்திரத்துக்கு எவன் வக்கீல்?" என்று அன்றைக்கு அவர் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப் பட்டறையில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படங்கள் முழுவதும் அவள் கைவழியாகத்தான் போயின. அதனால் அவள் ஆகாசம் ஆனாள்.

வேலை கேட்பதற்குச் சுலபம். கம்ப்யூட்டரில் படத்தைக் கவரின் அளவுக்கு வெட்ட வேண்டும். கேமராவுக்கு விட்ட துளையில் படத்தின் எந்தப் பகுதி விழுந்து காணாமல் போகலாம், எது போகக்கூடாது என்று பார்த்து நகர்த்த வேண்டும். பிறகு கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடம் வலமாகத் திருப்பித் தாளில் அச்செடுக்க வேண்டும். தாளை வெள்ளைக் கவர்மேல் கவிழ்த்து ஒட்டிச் சூட்டு மெஷினில் அழுத்தினால், மை தாளை விட்டுக் கவருக்குள் இறங்கும். தாளை உரித்தால் படம் நேராக நிற்கும். திருப்ப மறந்தால் தலைகீழாகாது, இடம் வலம் மாறிவிடும். ஆள் படமானால் எழுத்துள்ள சட்டை காட்டிக்கொடுக்கும். பெயர் போட்ட கவரானால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வான் படத்தில் மட்டும் எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகாசம் அதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு வான் படத்துக்கும் வலது ஓரத்தில், கவரில் ஏறாத இடமாகப் பார்த்து, ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். அச்சுத்தாளில் அந்தப் புள்ளி இடது பக்கம் வந்திருந்தால் சரி. வலது பக்கமே இருந்தால் திருப்ப மறந்தாயிற்று, தாளைக் கசக்கிப் போட வேண்டும். மற்றவர்கள் அடித்ததையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

"ஆகாசத்துக்கு ஏதும்மா இடது வலது? மாத்தி அடிச்சா நட்சத்திரம் இறங்கி வந்து சண்டை போடுமா?" என்பார் முதலாளி.

"போடாதுண்ணே."

"பின்ன ஏன் கழிச்சுப் போடறே? வயிறு எரியுது எனக்கு."

"அது அங்க இருக்கிறது அப்படி இல்லையேண்ணே."

"நீ போய்ப் பாத்துட்டு வந்தியாக்கும்?"

பட்டறை சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கையில் இருந்ததைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவாள். இந்தக் கதையை ஆகாசத்தின் புருஷனான தன் தம்பி வாய்வழியாகக் கேட்ட அண்ணி, "அந்தக் கண்டிப்புல பாதி குழம்புக்கு உப்பு போடறதுல இருந்தா நல்லாருக்கும்" என்றாள். பட்டறையில் எப்படியோ, வீட்டில் ஆகாசம் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. பால் பொங்கும், சாவி தொலையும், துணி மழையில் நனையும்.

அண்ணியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. "ஊரையெல்லாம் ஏத்தி இறக்குறேன், என்னை ஏத்திவிட ஆளில்ல" என்று தினமும் படியேறி வந்து மூச்சு வாங்கச் சொல்வான். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சலவைக்கடையில் தேய்ப்பு வேலை. தம்பிக்குக் கல்யாணமாகி அவள் வந்தபோது, இரண்டு அறை வீட்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, தேய்ப்பு மேஜையோடு கூடத்துக்கு வந்தாள். அதைப் பற்றி முகம் சுளித்ததில்லை. சொல்லிக் காட்டாமலும் இருந்ததில்லை.

கல்யாணமான முதல் வருஷம் தம்பி ஒரு புது போன் வாங்கினான். அதற்குக் கவர் போட்டுத் தருகிறேன் என்று அவள் பட்டறைக்கு வரச்சொன்னாள். கைமேகம் என்று பட்டறையில் பெயர் வைத்திருந்த படத்தை எடுத்தாள். செம்மண் நிறத்தில் ஒரு புழுதி மேகம். கீழே அகலமாகத் தொடங்கி, மேலே போகப்போக ஒடுங்கி, உச்சியில் வலது பக்கமாக வளைந்து, விரல் விரித்த கை மாதிரி நீண்டிருக்கும். அந்தக் கை எத்தனை கோடி மைல் நீளம் என்று முதலாளி வருகிறவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொல்வார். சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போகும்.

தம்பி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, எதையோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னான் என்று இருவருக்கும் பிறகு நினைவில்லை. அவள் புள்ளியைப் பார்க்காமல் மெஷினை மூடினாள். தாளை உரித்தபோது கை இடது பக்கம் நீண்டிருந்தது. மேல் மூலையில் இருந்த கேமராத் துளையை எட்டிப் பிடிக்கப் போகிற மாதிரி.

"ஐயோ, மாறிப்போச்சு. குடுங்க, வேற போடறேன்."

"எதுல என்ன மாறிச்சு?"

"இடது வலதா மாறிடுச்சு. கை அந்தப் பக்கம் இருக்கணும்."

அவன் கவரை உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். "நாம முன்னாடி நின்னு பாக்குறோம். பின்னாடி நின்னு பாக்குறவனுக்கு இப்படித்தானே தெரியும்? இருக்கட்டும். நான் பின்பக்கமா நின்னு பாத்துக்கறேன்."

அவள் கழிக்காமல் விட்ட ஒரே தவறு அதுதான். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் இருவரும் மாறி மாறி இந்தக் கதையைச் சொன்னார்கள். அண்ணிக்குப் பாதி புரிந்தது. சில மாதம் கழித்து அவளும் தன் பங்குக்கு அந்தக் கவரில் ஒரு தவறு செய்தாள். தம்பி போனைத் தேய்ப்பு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அண்ணி திரும்பும்போது இஸ்திரிப் பெட்டியின் முனை பட்டுக் கவரின் கீழ் மூலை இளகி, நகம் அளவுக்குக் குழிந்தது. "அக்கா கையெழுத்து" என்று தம்பி அதைத் தடவிக் காட்டிச் சிரித்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனான். ஏதோ ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, தானே ஏறி மேலே போய்க் கீழே வந்து சோதித்தான். கை கழுவினான். கருவிப் பையைக் காவலாளியிடம் கொடுத்து, "பாத்துக்கங்க, வந்து எடுத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாள் சண்டை இல்லை, கடன் இல்லை, முகவாட்டம் இல்லை. இருந்திருந்தால் எதையாவது பிடித்துத் தொங்கலாம். போன் அன்று மாலையே அணைந்திருந்தது. போலீஸ் நிலையத்தில், "குழந்தைன்னா காணாமப்போச்சுன்னு எழுதலாம். நாப்பதை நெருங்குற ஆம்பளை காணாமப்போகலம்மா, போயிருக்கான்" என்றார்கள். ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள், பார்க்கக் கூசும் இடங்களிலும் பார்த்தார்கள். எங்கும் இல்லை.

யார் கேட்டாலும் ஆகாசம், "வெளியில போயிருக்கார்" என்றாள். முதல் நாள் பக்கத்து வீட்டில் கேட்டபோது சொன்னதும் அதுதான். ஆறு வருஷம் கழித்துச் சொன்னதும் அதுதான். அவளுடைய அம்மா வந்து கூப்பிட்டாள். "அண்ணி தனியா இருப்பாங்க" என்று சொல்லிப் போக மறுத்துவிட்டாள். அடுப்படியில் இருந்து இதைக் கேட்ட அண்ணிக்குச் சுருக்கென்றது.

"நான் தனியா இருந்தா செத்தா போயிடுவேன்? அவனை வளத்தவ நான். என்னை இவ பாத்துக்கறாளாம்."

போ என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அவன் இல்லாத வீட்டில் அவனைப் பற்றிப் பேசுவதற்கு உலகத்தில் பாக்கியிருந்தது அந்த ஒருத்திதான்.

பேச்சும் பெரிதாக இல்லை. சண்டைதான் இருந்தது. அண்ணி மாதத்துக்கு ஒரு முறை தம்பியின் சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தேய்த்து வைப்பாள். போட ஆளில்லாத சட்டை எப்படித்தான் கசங்குமோ, மடிப்பு கலைந்துதான் இருக்கும். ஒரு முறை நாலு சட்டை குறைந்தது. பட்டறை மெஷினைத் துடைக்க ஆகாசம் அவற்றை வெட்டிக் கொண்டுபோயிருந்தாள்.

"நல்ல பருத்தி, அண்ணி. மையை நல்லா உறிஞ்சுது."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீல நிறச் சட்டை ஒன்று தப்பியிருந்தது. அதை மட்டும் தன் பெட்டிக்கு மாற்றிப் பூட்டினாள். அவளுக்குப் புரியாதது இதுதான்: வானத்தில் ஒரு புழுதிக் கை எந்தப் பக்கம் நீளுகிறது என்று அடித்துக்கொள்கிறவள், கட்டினவன் சட்டையைக் கிழிக்கும்போது எப்படி ஒன்றுமே ஆகாதவள் போல இருக்கிறாள்? அழுத்தக்காரி என்று முடிவு கட்டினாள். அப்படி முடிவு கட்டியதில் அண்ணிக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆர்டர் வந்தது.

பட்டறையின் சரக்கை எடுத்து விற்கும் கடைகளில் ஒன்று பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்தது. அந்தக் கடைக்காரர் கைமேகக் கவர் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே விரிசல் விட்ட ஒரு பழைய கவர். வாடிக்கையாளர் இதே மாதிரிதான் கேட்டாராம், நீங்கள் அனுப்பியது தப்பு என்று திருப்பித் தந்துவிட்டாராம்.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எவனோ ஆகாசத்துல தப்புக் கண்டுபுடிச்சிருக்கான்மா! உனக்குச் சரியான ஜோடி. என்னன்னு பாரு."

ஆகாசம் பழைய கவரைக் கையில் எடுத்தாள். கை இடது பக்கம் நீண்டிருந்தது. சாயம் மங்கி, விளிம்பு மஞ்சளேறி, நடுவில் விரிசல். அவள் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி வந்ததே இல்லை என்பதால், படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே அண்ணி ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

ஆகாசம் கவரைத் தேய்ப்பு மேஜைமேல் வைத்தாள். அண்ணி மேகத்தைப் பார்க்கவில்லை. அவள் விரல் நேராகக் கீழ் மூலைக்குப் போனது. குழி இருந்தது. நகம் அளவு.

"என் கையெழுத்து" என்றாள் அண்ணி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும் எழுந்து செருப்பைத் தேடினாள். "வா, இப்பவே போலாம். இந்த ஊர்லயே இருக்கான்டி! இத்தனை வருஷமா இந்த ஊர்லயே!"

"கடைக்காரருக்கு அவர் வீடு தெரியாதாம், அண்ணி. போன்ல கேட்டுட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்க வரச்சொல்லி இருக்காங்களாம். அதுக்குள்ள அடிச்சுக் குடுக்கணும்."

"அடிக்கிறாளாம் அடிக்கிறா. அவனைப் போய் நாலு அடி அடி முதல்ல."

"வரட்டும்" என்றாள் ஆகாசம்.

அந்த மாடல் போன் கடைகளிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்கான வெள்ளைக் கவரில் அடுக்கில் இருந்த கடைசி ஒன்றும் முதல் ஆர்டருக்கே போய்விட்டிருந்தது. பழைய பெட்டிகளைக் கவிழ்த்து அடியில் ஒன்றைத் தேடி எடுத்தாள். படத்தை எடுத்து, திருப்பாமல், தெரிந்தே தவறாக அச்செடுத்து அழுத்தினாள். சனிக்கிழமை காலை அதைக் கொண்டுவந்து காட்டினாள். புதுக் கவரில் அந்தக் கை பளிச்சென்று துளையை நோக்கி நீண்டிருந்தது.

"தப்பாத்தானே அடிச்சிருக்கே?"

"கேட்டது இதுதானே, அண்ணி."

அன்று அண்ணி நீலச் சட்டையை எடுத்துத் தேய்த்தாள். காலரை இரண்டு தடவை தேய்த்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் கடைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அவனைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். நல்ல நல்ல வசவாக வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில், சாப்பிட்டியா என்ற கேள்வி தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் வாயாடி. இரண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, "கவரைப் பாக்க ரெண்டு பேரு நேர்ல வர்றது என் சர்வீஸ்லயே இதான் முதல் தடவை. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றார். வாங்க வரப்போகிறவர் யார் என்று அண்ணி கேட்டாள். "எனக்கென்னம்மா தெரியும், கடைப் பையன்தான் ஆர்டர் எடுத்தான். வந்தா பாத்துக்கங்க."

எதிரே ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். உயரமாக யார் வந்தாலும் அண்ணியின் கை ஆகாசத்தின் மணிக்கட்டை இறுக்கியது. அந்த மணிக்கட்டு ஐஸாகச் சில்லிட்டிருந்ததை அண்ணி கவனித்தாள். அழுத்தக்காரி என்று கட்டி வைத்திருந்த முடிவு அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கடைசியில் கடைப்படி ஏறி வந்தது ஒரு பெண். வாட்டசாட்டமான ஆள், காக்கிச் சட்டை, கையில் வேன் சாவி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவள். "என்னண்ணே, இந்தத் தடவையாவது ஒழுங்கா வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

தம்பியின் போன். அண்ணி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆகாசம்தான் எழுந்து புதுக் கவரை எடுத்துக் கொடுத்தாள்.

வேன்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதான்! இதான் வேணும். போன தடவை கை அந்தப் பக்கமா திரும்பிக்கிச்சு. சிக்னல்ல நிக்கும்போது போனைக் கவுத்து முன்னாடி வச்சிருப்பேன். பின்னாடி பிள்ளைங்க கத்தும், நான் இதைப் பாத்துட்டே இருப்பேன். இப்ப எட்டிப் புடிச்சிடும், இப்ப எட்டிப் புடிச்சிடும்னு. சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கல" என்றாள் ஆகாசம். "இந்த போன் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"ஏன்?" வேன்காரியின் கை சட்டென்று போனை மூடியது. "திருட்டு போனா? நான் காசு குடுத்து வாங்கினதும்மா. செகண்ட் ஹேண்ட்."

"இல்லைங்க. பழைய கவரை நான்தான் அடிச்சேன், தப்பா. இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. அது எங்க எங்க சுத்தி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேன்காரி சமாதானமாகிச் சொன்னாள். மேம்பாலத்துக்கு அடியில் வரிசையாகப் பழைய போன் விற்பார்களே, அங்கே வாங்கியது. கவரோடு சேர்த்தே கொடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, சுத்தமாக அழித்து வைத்திருந்தார்கள். எப்போது என்றால், இப்போது ஒன்றாம் வகுப்புப் போகும் அவளுடைய சின்னப்பெண் பிறந்த வருஷம், மழை பிடித்துக்கொண்ட நேரம். அந்தக் கடைகளைத்தான் எப்போதோ தூக்கிவிட்டார்களே, இப்போது அங்கே சுவர்தான் இருக்கிறது.

அண்ணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவன் போனதும் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில்தான். போன சூட்டோடு அந்தப் போன் கைமாறியிருக்கிறது.

வேன்காரி சந்தோஷமாகக் கிளம்பினாள். படியிறங்கியவள் திரும்பி, "பழசை நீங்களே வச்சுக்கங்க, உங்க தப்புதானே" என்று சிரித்தாள். கூடவே கொண்டுவந்திருந்த அந்த விரிசல் கவரை அண்ணி எடுத்துப் பையில், நீலச் சட்டைமேல் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவளால் அடக்க முடியவில்லை.

"கவரைக்கூடக் கழட்டாம வித்திருக்கான்டி. உன் கையால போட்டது. கழட்டி ஒரு ஓரமா வச்சுக்கிட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

ஆகாசம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற யாராவதுகூட வித்திருக்கலாம், அண்ணி."

அந்த வார்த்தை அண்ணிக்குள் இறங்க ஒரு நிறுத்தம் ஆனது. வேறு யாரோ விற்றிருந்தால் அவன் அதைக் கடைசிவரை கழற்றவில்லை என்று ஆகிறது. கடைசி என்று ஒன்று இருந்தது என்றும் ஆகிறது. தம்பி கல்நெஞ்சக்காரனாக இருந்தால் எங்கோ சாப்பிட்டுத் தூங்கி எழுகிறான். அவர்கள் அறிந்த தம்பியாகவே இருந்திருந்தால் அவன் இல்லை. இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? அண்ணி முதலாவதைத்தான் வேண்டிக்கொண்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் கெட்டவனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் இருப்பவள் எதை வேண்டுகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தாள், அவ்வளவுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பையைத் திறந்து நீலச் சட்டையை எடுத்தாள். "இதையும் வேணும்னா வெட்டிக்கோ" என்று நீட்டினாள். கோபத்தில் சொல்லவில்லை. ஆகாசம் அதை வாங்கி, மடிப்புக் கலையாமல் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். மாடிவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் விசாரித்தபோது, வெளியில் போயிருக்கிறார் என்றே சொன்னாள்.

சில மாதம் சென்றது. சலவைக்கடையில் துணி கொடுக்க வந்த ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணியின் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. கவரில் செம்மண் மேகம். கை துளையை நோக்கி நீண்டிருந்தது. ஓடிப்போய், "கொஞ்சம் காட்டுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கி மூலையைத் தடவினாள். குழி இல்லை. வழவழவென்றிருந்தது. புதுக் கவர். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வேன்காரியின் கவரைப் பார்த்து யாராவது கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று அண்ணி தன்னைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண்ணின் கையில் அதே கவர். அதற்கடுத்து மருந்துக்கடையில் ஒன்று. எல்லாவற்றிலும் கை இடது பக்கம். ஒவ்வொரு முறையும் அண்ணியின் கண் முதலில் கீழ் மூலைக்குத்தான் போனது.

ஒரு நாள் மதியம் சலவைக்கடைக்கு விடுமுறை. ஆகாசம் மறந்துவிட்டுப் போயிருந்த சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு அண்ணி பட்டறைப் படியேறினாள். முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்கம்மா. கைமேகம் சக்கைப்போடு போடுது, தெரியுமா? கை கேமராவை எட்டிப் புடிக்கிற மாதிரி இருக்காம், ஆளாளுக்குக் கேக்குறாங்க. இத்தனை வருஷமா இதே படம்தான் இருந்துச்சு, அப்பல்லாம் ஏன் ஓடலைன்னுதான் தெரியல."

"இதே படம்தானா?"

"இதேதான். ஆகாசத்துல ஏது மாத்தம்?"

கொடியில் அச்சுத்தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. தம்பி எப்போதோ விளக்கிச் சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டு அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுருள் சுருளாக இருந்த நட்சத்திரக் கூட்டம், இடது ஓரத்தில் புள்ளி. வளையம் சுற்றிய கிரகம், இடது ஓரத்தில் புள்ளி. நிலாவின் மேடு பள்ளம், அதற்கும் புள்ளி. கைமேகத் தாள்கள் ஒரு வரிசை தொங்கின. அவற்றில் இடது ஓரத்திலும் இல்லை, வலது ஓரத்திலும் இல்லை. மறதியில் விடுபட்டிருந்தால் ஒரு தாளில் விடுபட்டிருக்கும். வரிசை முழுக்க இல்லை.

ஆகாசம் கையுறை மாட்டிக்கொண்டு மெஷின் பக்கம் நின்றிருந்தாள். அந்த வரிசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல், வெள்ளைக் கவர்மேல் கவிழ்த்து ஒட்டினாள்.

அண்ணி பக்கத்தில் போய்க் குரலைத் தணித்தாள். "ஏம்மா இப்படிப் பண்ணினே? அவனுக்குன்னு இருந்த ஒரே தப்பாச்சேம்மா இது. ஊரெல்லாம் இதுவாயிடுச்சே. எங்க இருந்தாலும் அவன் கண்ணுல படட்டும்னா?"

ஆகாசம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அண்ணி காத்திருந்தாள்.

"சூடு ஏறிடுச்சு, அண்ணி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு மெஷினை மூடினாள்.